இரண்டாவது படகு

எங்கள் தீவில் ஊசிக்குப் பயப்படாத ஆண்பிள்ளைகளைத் தேடினால் ஒன்றரை பேர் தேறுவார்கள். அந்த ஒன்று என் அத்தான். அரை, நான். அடுத்தவர் கையில் குத்தும்போது மட்டும் எனக்குப் பயமே கிடையாது.

தீவு ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் தலை நரைத்து, நரைத்ததும் கொட்டிப்போகும் வரை வேலை பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவன் நான். எங்கள் மேற்குக்கரைப் பெண்கள் என்னைக் கண்டால், "சர்க்கரை எவ்வளவு இருக்குன்னு பாரேன்" என்று நடுத்தெருவிலேயே விரலை நீட்டுவார்கள். ஆண்கள் என்னைக் கண்டால் தெரு மாறுவார்கள். அதிலும் சுறா அண்ணன் இருக்கிறாரே, அவர் தீவையே மாற்றிவிடுவார். வலையில் விழுந்த சுறாவை வெறுங்கையால் வாலைப் பிடித்து இழுத்துப் படகில் போட்டதால் வந்த பட்டப்பெயர் அது. அந்தச் சுறா வருஷத்துக்கு ஒரு முழம் வளர்ந்துகொண்டே வருகிறது. இப்போது அது படகைவிட நீளம். அப்பேர்ப்பட்டவர் தன் கல்யாணத்துக்கு என்னை அழைக்க வந்தபோது வாசலில் நின்றே சொன்னார்: "தம்பி, நீ அவசியம் வரணும். அந்த ஊசிப் பையை மட்டும் வீட்ல வெச்சுட்டு வா."

அத்தான், என் அக்காவின் கணவர். அக்கரையிலிருந்து படகு எஞ்சின் பழுது பார்க்க வந்தவர். எஞ்சின் ஓடத் தொடங்கியது, இவர் நின்றுவிட்டார். என் அக்கா அந்தக் காலத்தில் சிரித்தால் எஞ்சின் மெக்கானிக் என்ன, கப்பல் கேப்டனே நங்கூரம் போட்டிருப்பார். முப்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று, பேரனும் எடுத்தாயிற்று. ஆனாலும் மேற்குக்கரை முழுவதற்கும் அவர் இன்னும் 'மாப்ளே'தான். எல்லோரும் சேர்ந்து ஒரு படகைத் தள்ளும்போது இவர் தோள் கொடுக்கப் போனால், "உங்களுக்கு எதுக்கு மாப்ளே சிரமம், உக்காருங்க" என்பார்கள். ஊர்க்கூட்டத்தில் இவர் வாயைத் திறந்தால், "முதல்ல மாப்ளேக்கு ஒரு நாற்காலி போடுங்கப்பா" என்று ஒரு குரல் வரும். நாற்காலி வந்து சேர்வதற்குள் பேச்சு வேறு பக்கம் போயிருக்கும். இவ்வளவு மரியாதையை வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் என்னதான் செய்வது?

இப்படி இருக்கையில் அக்கரைப் பல்கலைக்கழகத்திலிருந்து டாக்டரம்மா வந்து இறங்கினார். மருந்து எழுதும் டாக்டர் அல்ல. ரத்த வகைகளை வைத்து, எந்தத் தீவில் எந்த ஜனங்கள் எங்கிருந்து வந்து குடியேறினார்கள் என்று கண்டுபிடிக்கும் டாக்டர். ஐம்பதைத் தொட்ட வயது, சிரிப்பைச் சிக்கனமாகச் செலவு செய்யும் முகம். கூடத்தில் உதவிக்கு அனுபவமுள்ள ஆள் வேண்டும் என்று ஆஸ்பத்திரியிலிருந்து எனக்கு ஃபோன் வந்தது. ஓய்வு பெற்றவனை வேலைக்குக் கூப்பிட்டால் என்ன ஆகும்? அவர்கள் ஃபோனை வைப்பதற்குள் நான் போய் நின்றேன், இரண்டு காலிலும் இரண்டு வேறு செருப்பு.

"சுலபமான விஷயம்தான் ஐயா" என்று விளக்கினார் டாக்டரம்மா. "ஆளே இல்லாத தீவுக்கு முதல்ல ஒரு படகு வருதுன்னு வெச்சுக்குங்க. அதுல வந்தவங்க யாருக்குமே பி குரூப் இல்ல. அப்போ அவங்க பிள்ளைங்களுக்கும் இருக்காது, பேரன் பேத்திக்கும் இருக்காது, எத்தனை தலைமுறை ஆனாலும் இருக்காது. பின்னால எங்கேயாவது பி தென்பட்டுதுன்னா, வேற ஒரு படகு வந்திருக்குன்னு அர்த்தம். எந்தக் கரையில வந்து இறங்குச்சுன்னுகூடச் சொல்லிடலாம்."

இதைக் கேட்டதும் எனக்குப் புல்லரித்துவிட்டது. ஏனென்றால் எங்கள் ஊரில் இது பரம்பரைச் சண்டை. கிழக்குக்கரைக்காரர்கள், எல்லோரும் ஒரே படகில்தான் வந்தோம் என்பார்கள். குறட்டை தாங்காமல் விரட்டப்பட்டவர்கள்தான் மேற்கே போய்க் குடியேறினார்களாம். நாங்களோ, எங்கள் முன்னோர்கள் தனியாக, இதைவிடப் பெரிய படகில், இதைவிடப் பெரிய புயலில் வந்தார்கள் என்போம். இதற்காக நின்றுபோன நிச்சயதார்த்தங்கள் உண்டு. சரியாகச் சொன்னால் ஒன்று உண்டு.

டாக்டரம்மா ஒரு விதி வைத்திருந்தார். அப்பா வழித் தாத்தா பாட்டி, அம்மா வழித் தாத்தா பாட்டி, நான்கு பேரும் தீவில் பிறந்தவர்களாக இருந்தால்தான் ரத்தம் எடுப்பார். அது தெரியாமல் முதல் நாளே அத்தான் இஸ்திரி போட்ட சட்டையோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார்.

"நீங்க இந்த ஊர்தானுங்களா?" என்றார் டாக்டரம்மா.

"இங்கேதாங்க. முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு."

"தாத்தா பாட்டி எல்லாரும்?"

"அவங்க… அக்கரைங்க."

"அப்போ மன்னிக்கணும். உங்க ரத்தம் இந்தக் கணக்குல வராதுங்க."

அத்தான் சிரித்தார். சுருட்டிய சட்டைக் கையை ஒவ்வொரு மடிப்பாக இறக்கிவிட்டுக்கொண்டு, "அதுவும் சரிதாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் குழாய்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். அந்தச் சிரிப்பை அப்போது சரியாகப் பார்க்கவில்லை.

மேற்குக்கரையில் ரத்தம் எடுக்க வலைக் கொட்டகையில் மேஜை போட்டார்கள். டாக்டரம்மாவும் நானும் கூடத்தில் இருந்தோம். கொட்டகையில் உட்கார்ந்தவள் அக்கரையிலிருந்து வந்திருந்த நர்ஸ் ஒருத்தி. அவளுக்கு ஒரு பழக்கம்: முகத்தைப் பார்க்கவே மாட்டாள், நரம்பை மட்டும் பார்ப்பாள். காலையில் பெண்கள் வரிசையாக வந்து, வீட்டுக் கதை பேசிக்கொண்டே கொடுத்துவிட்டுப் போனார்கள். வயசாளிகளும் வந்தார்கள், சுறா அண்ணனின் அப்பாவும் அம்மாவும்கூட வந்து கையை நீட்டினார்கள். கடலிலிருந்து திரும்பும் ஆண்கள் மாலையில் வந்தார்கள். வந்தார்கள் என்றுதான் கூடத்தில் நாங்கள் நினைத்தோம்.

குழாய்கள் எங்களிடம் வந்தன. ரத்த வகை பார்ப்பது கண்ணுக்கு விருந்து. வெள்ளைத் தட்டில் ஒவ்வொரு ரத்தத்தையும் இரண்டு துளி வைக்க வேண்டும். ஒன்றில் நீல மருந்து, மற்றதில் மஞ்சள் மருந்து. நீலத்தில் திரண்டால் ஏ. மஞ்சளில் திரண்டால் பி. எதிலும் திரளாமல் சமர்த்தாகக் கிடந்தால் ஓ. கிழக்குக்கரை முழுக்க ஓ, அங்கங்கே ஏ. நாங்கள் எதிர்பார்த்ததுதான். மேற்குக்கரைப் பெண்களும் அப்படியே. அப்புறம் மேற்குக்கரை ஆண்களின் குழாய்களை எடுத்தேன். மஞ்சள் துளி, பாலில் எலுமிச்சை பிழிந்த மாதிரி திரிந்தது. அடுத்தது திரிந்தது. அதற்கடுத்ததும் திரிந்தது.

"டாக்டரம்மா!" என்று நான் போட்ட சத்தத்தில் ஆஸ்பத்திரியில் சுயநினைவில்லாமல் கிடந்தவர்கள்கூட எழுந்து உட்கார்ந்திருப்பார்கள்.

அவர் குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். அன்றைக்குத்தான் அவர் சிரிப்பை முழுசாகப் பார்த்தேன். "ரெண்டாவது படகு, ஐயா" என்றார், குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து காட்டும் தாதி மாதிரி.

எங்கள் ஆண்கள் அதுவரை யாரிடமும் கையை நீட்டாததால் அவர்களின் வகை எனக்கே தெரியாது. ஆகவே எனக்குச் சந்தேகம் வரவில்லை, பெருமைதான் வந்தது. ரத்தம் கொடுத்த ஒவ்வொருவருக்கும் நன்றியாக, ரத்த வகை எழுதிய சின்ன அட்டை ஒன்றைக் கொடுத்தார்கள். நர்ஸ் வாய் சும்மா இருக்குமா? மேற்குக்கரையில் பி, அப்படியென்றால் தனிப் படகு என்று செய்தி பரவிவிட்டது. சுறா அண்ணன் அட்டையைச் சட்டைப் பையில் பாதி வெளியே தெரிகிற மாதிரி குத்திக்கொண்டு கிழக்குக்கரைக் கடைத்தெருவில் இல்லாத வேலைக்கெல்லாம் நடந்தார். படகு வந்து இறங்கிய இடத்தில் கல் நட வேண்டும் என்று பேச்சு எழுந்தது. படகில் எத்தனை துடுப்பு என்பதில் இரண்டு கட்சி ஆகிவிட்டது.

இந்தக் கொண்டாட்டத்தின் நடுவில் அக்கா என் வீட்டுக்கு வந்தாள். பக்கத்து வீடுதான், சமையலறை வழியாக வந்து, பாத்திரம் எடுக்க வந்தவள் போல நின்றாள்.

"டேய், உன் அத்தானுக்கு என்னடா வியாதி?"

"வியாதியா? போன வாரம் எஞ்சினைத் தனியா தூக்கினாரே."

"மறைக்காதே. ரெண்டு கையிலயும் ஊசி குத்தின தழும்பு. ஒண்ணு ரெண்டு இல்ல. கேட்டா கொசுன்னு சொல்றார். எந்தக் கொசுடா நரம்பு பார்த்துக் கடிக்கும்?" சொல்லும்போதே குரல் உடைந்தது. "எனக்குத் தெரியாம ஆஸ்பத்திரிக்குப் போய் டெஸ்ட் பண்ணிக்கிறார். நீயும் கூட்டு. எனக்கு இருக்கிறது அந்த ஒரு மனுஷன்தான்டா. என்னன்னு சொல்லிடு, நான் தாங்கிக்குவேன்."

தாங்கிக்கொள்கிறவள் என் தோள் துண்டைப் பிடுங்கி மூக்கைச் சிந்தினாள். "எனக்குச் சத்தியமா ஒண்ணும் தெரியாதுக்கா, விசாரிக்கிறேன்" என்று அனுப்பி வைத்தேன்.

மறுநாள் கூடத்துக்குப் போனால் டாக்டரம்மா முகத்தில் சிரிப்பு இல்லை. கதவைச் சாத்தினார்.

"ஐயா, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க கரையில… குடும்பங்கள் எல்லாம்… நல்லபடியாத்தானே இருக்காங்க?"

"சண்டை உண்டுங்க. பாத்திரம் பறக்கும்."

"அது இல்லைங்க." அவர் காது சிவந்துவிட்டது. "இந்தச் சுறான்னு சொல்றீங்களே, அவருக்கு பி. அவர் அப்பாவுக்கு ஓ. அம்மாவுக்கும் ஓ. ஓவுக்கும் ஓவுக்கும் பி பிறக்காது."

எனக்கு வேர்த்துவிட்டது. சுறா அண்ணனின் அம்மா யார் தெரியுமா? பக்கத்து வீட்டுச் சேவல் தன் வீட்டுப் பக்கம் பார்த்தால்கூட, "என்ன பார்வை?" என்று கேட்கிற நெருப்பு.

"அவர் ஒருத்தர்னா நான் வாயே திறக்க மாட்டேன்" என்றார் டாக்டரம்மா. "எல்லா ஊர்லயும் ஏதோ ஒண்ணு ரெண்டு இருக்கும், சத்தம் போடாம ஒதுக்கி வெச்சுடுவோம். ஆனா இங்க பி இருக்கிற அத்தனை பேர் வீட்லயும் இதே கதை. அவங்க அக்கா தங்கச்சி ஒருத்திக்கும் பி இல்ல. ஆம்பளைங்களுக்கு மட்டும் வர்ற பி உலகத்துலயே கிடையாதுங்க. அதனால நேத்து மத்த வகைகளையும் சேர்த்துப் பார்த்தேன்."

ரத்தத்தில் ஏ, பி, ஓ மட்டுமல்ல. வேறு எத்தனையோ வகைப் பிரிவுகள் உண்டு. அண்ணன் தம்பிக்குள்ளேயே ஒன்றில்லாவிட்டால் ஒன்றில் வித்தியாசம் தெரியும். அவர் அந்தப் பி குழாய்களின் சோதனைகளை மேஜைமேல் வரிசையாக வைத்திருந்தார். முதலாவது எதில் திரண்டதோ, அதில்தான் மற்ற எல்லாமும் திரண்டிருந்தன. அது எதில் திரளவில்லையோ, அதில் எதுவும் திரளவில்லை.

"இது ஏழெட்டுப் பேரோட ரத்தம் இல்லைங்க. ஒரே ஆளோடது. யாரு, எதுக்குன்னுதான் எனக்குப் புரியலை."

எனக்குப் புரிந்துவிட்டது. நரம்பு பார்த்துக் கடித்த கொசு கண் முன்னால் பறந்தது. அக்காவின் மகள் பிறப்பதற்கு முன்னால், ஆஸ்பத்திரியில் ஒரு முறை அக்கரைப் பயணி ஒருவருக்கு பி தேவைப்பட்டபோது, இந்தத் தீவில் அதைக் கொடுக்க ஒரே ஒரு கைதான் இருந்தது. நான் விஷயத்தைச் சொன்னதும் டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார்.

"முதல் நாள் வந்து, சிரிச்சுட்டுப் போனாரே, அவரா?"

"அவரேதான்."

அந்தப் பி குழாய்களை ஒவ்வொன்றாக எடுத்து ஒதுக்கி வைத்தார். "ஆராய்ச்சி போனா மறுபடி பண்ணிக்கலாம். அவங்க பையில இருக்கிற அட்டைதான் எனக்குப் பயம். தப்பான வகை. நாளைக்கு யாருக்காவது அடிபட்டு, எங்கேயாவது அவசரத்துல அந்த அட்டையை நம்பிட்டா?"

அதைப் பற்றி எனக்கு அவர் சொல்ல வேண்டியதில்லை. ஓ வகைக்காரருக்கு பி ரத்தம் ஏற்றினால் என்ன ஆகும் என்பதை நினைத்துப் பார்க்கக்கூட நான் விரும்புவதில்லை. இது ஒன்றில் மட்டும் நான் மிகைப்படுத்திப் பேசவே மாட்டேன்.

நேரே எஞ்சின் கொட்டகைக்குப் போனேன். அத்தான் ஒரு எஞ்சினின் வயிற்றைத் திறந்துவைத்து அதனோடு பேசிக்கொண்டிருந்தார்.

"அத்தான், கையைக் காட்டுங்க."

"எண்ணெய்யா இருக்கு மச்சான்."

"எண்ணெயைக் கேட்கலை. கொசுக்கடியைக் கேட்கிறேன்."

அவர் திருப்புளியைக் கீழே வைத்தார். மறைக்கத் தெரியாத மனுஷன்.

"அந்தம்மா தப்பா ஒண்ணும் சொல்லலை மச்சான். மரியாதையாத்தான் சொன்னாங்க. அன்னிக்குச் சாயங்காலம் வலைக் கொட்டகைப் பக்கம் போனா, சுறா வெளியே செவத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறார். 'மாப்ளே, எனக்கு அந்த மருந்து வாசனைக்கே முட்டி மடங்குது. என் சட்டையைத் தர்றேன், நீங்க போய்க் குடுத்துட்டு வாங்க'ன்னார். இத்தனை வருஷத்துல அந்த மனுஷன் என்கிட்ட ஒரு உதவி கேட்டதில்ல."

"அவர் ஒருத்தர். மத்தவங்க?"

"ஒருத்தருக்குப் போயிட்டு இன்னொருத்தருக்கு மாட்டேன்னா எப்படி? தினம் ரெண்டு பேர். அந்த நர்ஸ் பொண்ணு, 'இந்தக் கரையில எல்லாருக்கும் என்ன அருமையான நரம்பு'ன்னு பாராட்டுச்சு." அவருக்கே சிரிப்பு வந்தது. அப்புறம் துணியால் கையைத் துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "அவங்க சாயங்காலம் கவிழ்த்த படகு மேல உக்காந்து பேசுவாங்கல்ல? அன்னிக்கு நான் போனேன். நகர்ந்து இடம் விட்டாங்க மச்சான். யாரும் நாற்காலி போடச் சொல்லலை."

நான் கீழே கிடந்த திருப்புளியை எடுத்துத் துடைத்து அவர் பக்கத்தில் வைத்தேன்.

"அத்தான், அந்த அட்டைங்களைத் திருப்பி வாங்கியாகணும். அது ஆபத்து."

"தெரிஞ்சிருந்தா குடுத்திருக்கவே மாட்டேன்." அவர் முகம் வெளுத்துவிட்டது. "ஆனா வாங்கினா கிழக்குக்கரை முழுக்க சிரிக்கும். ஊசிக்குப் பயந்த சுறான்னு பேர் வெச்சுடுவாங்க. என்னாலதான்னு ஆகிடும். அந்தப் படகுல எனக்கு இனிமே இடம் கிடையாது."

"ஆராய்ச்சி முடிவைச் சொல்ல ஞாயித்துக்கிழமை டாக்டரம்மா எல்லாரையும் கூப்பிட்டிருக்காங்க. அதுக்குள்ள யோசிங்க. அதுக்கு முன்னாடி வீட்டுக்குப் போங்க. உங்களுக்கு ஏதோ பெரிய வியாதின்னு அக்கா அழுதுக்கிட்டிருக்கா."

எஞ்சினை அப்படியே போட்டுவிட்டு ஓடினார். அந்த வேகத்தில் எந்த எஞ்சினும் ஓடி நான் பார்த்ததில்லை. என் வீட்டுச் சுவர் வழியாக முதலில் அக்காவின் அழுகை கேட்டது, அப்புறம் திட்டு, அப்புறம் ஒரு பாத்திரம் விழுந்த சத்தம். கொஞ்ச நேரம் கழித்து, "இன்னும் ரெண்டு வாய் சாப்பிடுங்க, உடம்புல ரத்தமே இல்ல" என்று கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூட மண்டபத்தில் நிற்க இடமில்லை. கிழக்குக்கரை ஒரு பக்கம், மேற்குக்கரை மறுபக்கம். எங்கள் ஆண்கள் அட்டையைக் குத்திக்கொண்டு போருக்கு வந்தவர்கள் மாதிரி நின்றார்கள். முன் வரிசையில் சுறா அண்ணனின் அம்மா. அத்தானுக்கு யாரோ நாற்காலி போட்டிருந்தார்கள். அவர் அதன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

டாக்டரம்மா பக்குவமாகத் தொடங்கினார். "மேற்குக்கரையில சில சோதனைகளை மறுபடி பண்ண வேண்டியிருக்கு. அதனால குடுத்த அட்டைங்களைத் தயவுசெஞ்சு திருப்பிக் குடுத்துடுங்க…"

"அதெல்லாம் முடியாது!" என்று கூரை பறந்தது. "எங்க படகை எதுக்கு இப்போ மூழ்கடிக்கிறீங்க?"

அப்போதுதான் கிழக்குக்கரை வாத்தியார் எழுந்தார். பாடப்புத்தகத்தை வரி வரியாக மனப்பாடம் செய்தவர். எதிரே இருக்கும் ஆள் முகத்தைப் படிக்கத் தெரியாதவர்.

"எனக்கொரு சந்தேகம். சுறாவுக்கு பி. அவங்க அப்பா அட்டையைப் பார்த்தேன், ஓ. அம்மாவுக்கும் ஓன்னு அவங்களே சொன்னாங்க. ஓவும் ஓவும் சேர்ந்தா பி வராதே? அப்போ இந்தப் பி எங்கேருந்து…"

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவருக்கு உறைத்துவிட்டது. ஆனால் வாய் முந்திவிட்டது. மண்டபத்தில் கடல் சத்தம் கேட்டது. முன் வரிசையில் அந்த அம்மாள் மெதுவாகத் திரும்பினார். திட்டுவார் என்று காத்திருந்தோம். திட்டவில்லை. சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்த கணவரைப் பார்த்தார். அந்தப் பார்வையை என்னால் பார்க்க முடியவில்லை.

"அந்தப் பி என்னுது" என்றார் அத்தான்.

கூட்டம் முழுவதும் திரும்பியது. அவர் நடுவில் வந்து நின்று சட்டைக் கை இரண்டையும் சுருட்டி, முழங்கையின் உள்பக்கத்தைக் காட்டினார். "சுறா பேர்ல போனது நான். மத்த ஏழு பேர் பேர்லயும் நான்தான் போனேன். அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. நானா அவங்க சட்டையைக் கொடியிலேர்ந்து எடுத்துப் போட்டுக்கிட்டுப் போய்க் குடுத்தேன். எனக்கு… கொஞ்சம் கிறுக்குன்னு வெச்சுக்குங்க. பெரியம்மா, உங்க பிள்ளை உங்க பிள்ளைதான். என்னை மன்னிச்சுடுங்க."

கிழக்குப் பக்கம் ஒருத்தன் சிரித்தான். அது இரண்டாகி, பத்தாகி, மண்டபம் முழுக்கப் பரவியது. அத்தான் அசையாமல் நின்றார். அக்கா எழுந்துவிட்டாள், யார் முகத்தில் முதலில் பாய்வது என்று மட்டும்தான் யோசித்துக்கொண்டிருந்தாள். எங்கள் ஆண்கள் தரையைப் பார்த்தார்கள். கொஞ்ச நேரம் அப்படியே பேசாமல் இருந்திருந்தால் போதும். எல்லாப் பழியும் அவரோடு போயிருக்கும். தப்பிக்கும் வழியை அத்தானே அவர்கள் கையில் எடுத்துக் கொடுத்துவிட்டார்.

சுறா அண்ணன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார்.

"என்னடா பொய் சொல்றே?" என்று அத்தானைப் பார்த்துக் கத்தினார். "கொடியிலேர்ந்து எடுத்தியா? நான்தானே கழட்டிக் குடுத்தேன்!" கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "ஆமாய்யா, எனக்கு ஊசின்னா பயம். பார்த்தாலே வயிறு கலங்கும். போதுமா? சிரிங்க. கிழக்குக்கரையில ஊசிக்குப் பயமில்லாதவன் எவன், முன்னாடி வா, டாக்டரம்மா பையில ஊசி இருக்கு, இப்பவே பார்த்துடலாம்!"

சிரிப்பு நின்றது. டாக்டரம்மாவின் பை இருந்த திசையிலிருந்து கிழக்குக்கரை ஆண்கள் ஓரடி பின்னால் நகர்ந்ததை என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். வாத்தியார் இரண்டடி.

சுறா அண்ணன் அட்டையைப் பிடுங்கி மேஜையில் வைத்தார். அவருக்குப் பின்னால் மற்றவர்களும் வந்து ஒவ்வொன்றாக வைத்தார்கள். அவர் அம்மா எழுந்து வந்தார். மகன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். பிறகு அத்தான் முதுகிலும் அதே பலத்தில் ஒன்று. கணக்கில் வித்தியாசம் பார்க்கவில்லை.

"அப்போ ரெண்டாவது படகு இல்லைங்களா?" என்று பின்னாலிருந்து ஒரு பாவப்பட்ட குரல் கேட்டது.

டாக்டரம்மா கண்ணாடியைத் துடைத்தார். "பழைய காலத்துல வந்துச்சான்னு நிச்சயமாச் சொல்ல முடியாதுங்க. நான் இருபது வருஷமா செத்துப்போனவங்களைப் பத்தித்தான் ஊகிச்சுக்கிட்டிருக்கேன். யாரோ வந்தாங்க, இங்க இறங்கியிருக்கலாம், இங்கேயே கல்யாணம் பண்ணியிருக்கலாம்னு. வந்தவரை நேர்ல பார்த்ததே இல்ல." அத்தான் பக்கம் கையைக் காட்டினார். "இவர் மகளுக்கு பி இருக்கு. பேரனுக்கும் பி இருக்குன்னு ஐயா சொன்னார். இன்னும் நூறு, இருநூறு வருஷம் கழிச்சு யாராவது இங்க வந்து ரத்தம் எடுத்தா, மேற்குக்கரையில நிஜமாவே பி இருக்கும். எங்கேருந்து வந்துச்சுன்னு தலையைப் பிச்சுக்குவாங்க. அவங்களுக்காகவாவது நான் இவரைப் பத்தி எழுதி வைக்கணும். நாலு தாத்தா பாட்டி விதி போட்டது நான்தான். இவருக்கு மட்டும் அதைத் தலைகீழாப் போட்டுக்கறேன், நாலு பேரும் வெளியூரா இருந்தாத்தான் ரத்தம் எடுப்பேன். நாளைக்கு வர்றீங்களா சார்?"

அத்தான் அக்காவைப் பார்த்தார். "இனிமே எங்கே போனாலும் என்கிட்ட சொல்லிட்டுப் போங்க" என்றாள் அக்கா. அது அவள் பாஷையில் சம்மதம்.

மறுநாள் காலை வலைக் கொட்டகையில் மறுபடி மேஜை போட்டார்கள். இந்த முறை டாக்டரம்மாவே உட்கார்ந்தார்; நான் பக்கத்தில் குழாய்களோடு. முதல் ஆள் அத்தான். அடுத்தது சுறா அண்ணன், முகம் சுண்ணாம்பு மாதிரி, தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டு. அவருக்குப் பின்னால் மற்ற வீரர்கள். பார்த்துச் சிரிப்பதற்காக மேற்குக்கரைப் பெண்கள் அத்தனை பேரும் வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார்கள்.

ரத்தம் எடுத்து முடித்ததும் டாக்டரம்மா பேனாவைத் திறந்தார். "அப்பாவோட அப்பா யாரு சார்? எந்த ஊர்? என்ன பண்ணினார்?"

அத்தான் கையில் பஞ்சை அழுத்தியபடி அவரையே பார்த்தார். முப்பது வருஷத்தில் இந்தத் தீவில் அவரிடம் யாரும் அதைக் கேட்டதில்லை என்பது அப்போதுதான் எனக்கே உறைத்தது. நானும் கேட்டதில்லை.

"ரயில் தண்டவாளத்துல வேலைங்க" என்று தயங்கித் தயங்கி ஆரம்பித்தார். "சுத்தியலால தட்டிக்கிட்டே நடந்து போவார். சத்தத்தை வெச்சே எங்க விரிசல்னு சொல்லிடுவார். எனக்கு எஞ்சின் சத்தம் புரியறது அவர்கிட்டேருந்துதான்னு நினைக்கிறேன். பாட்டிக்கு மலையடிவாரத்து ஊர். சின்ன வயசுல பஞ்சம் பிழைக்க நடந்தே வந்தவங்க. கடலையே பார்த்ததில்ல. 'அவ்வளவு தண்ணியை யாருடா காவல் காக்கறாங்க?'ன்னு கேப்பாங்க."

கொட்டகையில் பெண்கள் சிரித்தார்கள். ஆனால் அது வேறு சிரிப்பு. யாரோ தரையில் உட்கார்ந்தார்கள், மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். அக்கா மட்டும் நின்றபடியே, இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்: "இதெல்லாம் என்கிட்ட சொல்லவே இல்லையே?"

"நீ உங்க படகுக் கதையைச் சொல்லி முடிக்கிறதுக்காகக் காத்துக்கிட்டு இருந்தேன்" என்றார் அத்தான்.

அவள் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, பஞ்சு வைத்த கையைத் தன் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். ரத்தம் எப்போதோ நின்றுவிட்டது. நான் சொல்லவில்லை.

"அம்மா வழித் தாத்தா?" என்றார் டாக்டரம்மா.

"அது பெரிய கதைங்க. பின்னால இவ்வளவு பேர் நிக்கறாங்க, நேரமாகுமே…" என்று அத்தான் எழுந்திருக்கப் பார்த்தார்.

சுறா அண்ணன் தூணை விட்டுவிட்டு வந்து, அவர் தோளை அழுத்தி உட்கார வைத்தார்.

"உக்காருடா. ஒரு அவசரமும் இல்ல, விலாவாரியாச் சொல்லு" என்றார். பிறகு மேஜையில் இருந்த அடுத்த ஊசியைப் பார்த்துவிட்டு, டாக்டரம்மாவிடம் கெஞ்சும் குரலில் சொன்னார்: "தாத்தாவோட நிறுத்திடாதீங்கம்மா. கொள்ளுத் தாத்தா, எள்ளுத் தாத்தா எல்லாரையும் கேளுங்க."